விதை வாங்கும் கணக்கு: லத்தா சந்தை தரும் பாடம்



நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டின் பின்புறம் நான்கடி மண் உள்ளவர்களும் உண்டு; பால்கனியில் நான்கு தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. ரங்கூனில் (யாங்கூன்) இன்னும் வசிக்கும் நம் உறவினர்களில் பலர் லத்தா, பபேடான் பகுதிகளின் குறுகிய மாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டம் என்பது ஜன்னல் கம்பியும், மொட்டை மாடியின் ஒரு மூலையும்தான். இடம் எதுவானாலும் முதல் செலவு விதைச் செலவு. இச்செலவைக் கணக்குப் பார்த்துச் செய்வது எப்படி என்பதே இந்தப் பாடம்.

சிறிய செலவுதானே, இதற்கு ஒரு பாடமா என்று சிலர் கேட்கலாம். 2021 பிப்ரவரிக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 1,330 கியாட் இருந்தது. 2024ன் நடுப்பகுதியில் வெளிச்சந்தையில் அது 4,000ஐத் தாண்டிவிட்டது. தாய்லாந்திலிருந்து வரும் விதைப் பொட்டலத்தின் விலையும், அரிசி, எண்ணெய் விலையும் அதே ஏணியில் ஏறின. வீட்டுச் செலவில் ஒரு கறிக்கு வேண்டிய கீரையாவது மிஞ்சுமா என்று பார்க்கும் குடும்பத்துக்கு, முளைக்காத விதை என்பது காசு நஷ்டம் மட்டுமன்று. ஒரு பருவமே நஷ்டம். நாடு விட்டு வந்து புதிய ஊரில் மாத வருமானத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் நமக்கும் இக்கணக்கு பொருந்தும்.

1. விதையின் உண்மையான விலை எது?

லத்தாவின் ஓரத்தில் இருக்கும் தெய்ன்ஜி சந்தையை நம்மவர் அறிவர். பழைய தலைமுறையினர் அதைச் சூரத்தி பஜார் என்பார்கள். அங்கே மசாலா, நாட்டு மருந்து, துணி, பாத்திரம் எல்லாவற்றோடும் விதையும் கிடைக்கும். மூடி ஒட்டிய பொட்டலமும் உண்டு. சாக்கிலிருந்து அள்ளித் தரும் சில்லறை விதையும் உண்டு. எது மலிவு?

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். 100 விதை உள்ள பொட்டலம் 2,000 கியாட்; நூற்றுக்கு 80 முளைக்கும். அதே 100 விதை சில்லறையில் 1,200 கியாட். நூற்றுக்கு 40தான் முளைக்கும். பொட்டல விதையில் கன்று ஒன்றுக்கு 25 கியாட் ஆகிறது. சில்லறை விதையில் 30 கியாட். ஆக, விலை குறைந்ததே விலை கூடியது.

இதோடு கணக்கு முடியவில்லை. உங்கள் பால்கனிக்கு வேண்டியது பத்துக் கன்றுதான் என்றால், அந்த நல்ல பொட்டலத்திலும் கன்று ஒன்றுக்கு 200 கியாட் கொடுக்கிறீர்கள். மிச்ச விதை டப்பாவில் கிடந்து சாகும். ஆகையால், கன்று ஒன்றுக்கு என்ன விலை என்று பார்த்தபின், நமக்குத் தேவையான கன்று ஒன்றுக்கு என்ன விலை என்றும் பார்க்க வேண்டும். அதே பொட்டலத்தை எட்டுக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு குடும்பத்துக்கு 250 கியாட்டில் பத்துக் கன்று கிடைக்கும். விலை மீண்டும் 25 கியாட்டுக்கு வந்துவிடுகிறது.

2. ஒரு டிக்கலில் எத்தனை விதை?

பர்மாவில் எடைக்கு வீசை இன்றும் வழக்கில் உள்ளது. நம் பழைய வீசைதான் இது. ஆங்கிலேயர் எழுதிய ‘விஸ்’ என்ற பெயரும் தமிழிலிருந்து போனதே. ஆனால் அளவு வேறு. பழைய சென்னை வீசை சுமார் 1.4 கிலோ, பர்மா வீசை சுமார் 1.63 கிலோ. அதில் நூறில் ஒரு பங்கு ஒரு டிக்கல், அதாவது சுமார் 16.3 கிராம்.

ஒரு டிக்கல் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். விதைக்கு விதை எண்ணிக்கை மாறுவதைப் பாருங்கள்:

தக்காளி: கிராமுக்குச் சுமார் 300 விதை. ஒரு டிக்கலில் ஏறத்தாழ 4,900.
கத்தரி: கிராமுக்கு 200க்கு மேல். ஒரு டிக்கலில் மூவாயிரத்துக்கும் மேல்.
வெண்டை: கிராமுக்குச் சுமார் 15. ஒரு டிக்கலில் ஏறத்தாழ 245.
பாகல்: கிராமுக்கு ஐந்து அல்லது ஆறு. ஒரு டிக்கலில் சுமார் 90.

நான்கு தொட்டி வைத்திருப்பவர் ஒரு டிக்கல் தக்காளி விதை வாங்குவது, ஒருவேளைச் சமையலுக்கு ஒரு வண்டி அரிசி இறக்குவதைப் போன்றது. தக்காளி, கத்தரி, மிளகாய், கீரை விதைகளைச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். வெண்டை, பாகல், புடல் போன்ற பெரிய விதைகளைத் தனியாக, தொட்டிக்குத் தக்கபடி எண்ணி வாங்குங்கள்.

3. பொட்டலத்தைப் படிக்கக் கற்றல்

1921ல் பாங்காக் நகரின் சீனர் பகுதியில் சியா சகோதரர்கள் ஒரு விதைக்கடை திறந்தார்கள். பிற்காலத்தில் சி.பி. என்ற பெருங்குழுமமாக வளர்ந்தது அக்கடையே. பொட்டலத்தின்மேல் காலாவதித் தேதி அச்சிட்டு விற்றது கடைக்கு நற்பெயர் தேடித் தந்தது என்பது அந்நிறுவனத்தார் சொல்லும் வரலாறு. விதை வியாபாரத்தில் நேர்மை என்பது தேதியில்தான் தொடங்குகிறது.

இந்தியாவில் 1966ம் ஆண்டு விதைச் சட்டமும், மியான்மரில் 2011ம் ஆண்டு விதைச் சட்டமும் உள்ளன. இந்தியச் சான்று விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று வரையறை உண்டு. தக்காளி, கத்தரி 70 சதவீதம், வெண்டை 65, மிளகாய், பாகல் 60. சான்று விதைக்கு நீல அட்டை கட்டியிருக்கும். சோதனை செய்த நாளிலிருந்து ஒன்பது மாதமே அதற்கு முதல் தவணை. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த நாட்டுக் கடையிலும் எது நல்ல விதை என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை: பயிரின் பெயரும் ரகமும், முளைப்பு சதவீதம், சோதித்த அல்லது அடைத்த தேதி, காலாவதித் தேதி, எடை, தொகுதி எண். இவற்றில் தேதியும் முளைப்பு சதவீதமும் இல்லாத பொட்டலத்தை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சில்லறை விதையாகவே மதிக்கவும்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. ரங்கூன் கடையில் பல நாட்டுப் பொட்டலங்கள் கலந்திருக்கும். தாய்லாந்துப் பொட்டலத்தில் புத்த ஆண்டு இருக்கலாம். அதில் 543ஐக் கழிக்கவும். 2568 என்றால் 2025. வெறும் 68 என்றும் போட்டிருப்பார்கள். தைவான் பொட்டலத்தில் அவர்களுடைய குடியரசு ஆண்டு இருந்தால் 1911ஐக் கூட்டவும். 114 என்றால் 2025. பர்மிய ஆண்டானால் 638ஐக் கூட்டவும். 1387 என்பது 2025 ஏப்ரல் நடுவில் தொடங்கியது.

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசிய விதை பூஞ்சண மருந்து தடவியது. அதைச் சமையலறையில் வைக்கக் கூடாது. பிள்ளைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கடையில் கேட்பதற்கு உதவியாகச் சில பர்மியப் பெயர்கள்: விதைக்கு மியோசே, சுரைக்காய்க்கு பூதீ, பாகலுக்கு செஹின்காதீ, கத்தரிக்கு கயாந்தீ, தக்காளிக்கு கயாஞ்சின்தீ, அதாவது புளிப்புக் கத்தரி. பெயரை அரைகுறையாகச் சொன்னால் தக்காளிக்குப் பதில் கத்தரி விதை கைக்கு வரும்.

4. முளைப்பாரியே சோதனை

அம்மன் திருவிழாவில் முளைப்பாரி எடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நவதானியத்தை ஊறவைத்து, மண்ணும் எருவும் இட்ட ஓட்டில் தெளித்து, இருட்டறையில் நீர் தெளித்து வளர்த்து, பயிர் எப்படி வந்திருக்கிறது என்று ஊரே பார்க்கும். பக்தியோடு சேர்ந்து அதில் ஒரு விவசாய அறிவும் இருக்கிறது. விதைப்பதற்கு முன் அந்த ஆண்டின் விதை எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அதையே வீட்டில் சிறிய அளவில் செய்யலாம்.

சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து விரிக்கவும். 20 விதைகளைப் பொறுக்காமல், கைக்கு வந்தபடி எண்ணி எடுத்து வைக்கவும். நல்ல விதையாகப் பார்த்து எடுத்தால் சோதனை பொய்யாகும். துணியைச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் இட்டு, வாயைத் தளர்வாகக் கட்டி, கதகதப்பான இடத்தில் வைக்கவும். துணி காயக் கூடாது, சொட்டவும் கூடாது. தட்டைப்பயறு இரண்டு முதல் நான்கு நாளில் முளைக்கும். வெண்டை, தக்காளிக்கு ஒரு வாரம் தரவும். மிளகாய், கத்தரிக்கு இரண்டு வாரம் பொறுக்கவும். பாகல் விதையின் ஓடு கெட்டி. இரவு முழுவதும் ஊறவைத்து, முனையை நகவெட்டியால் மெல்லக் கிள்ளினால் விரைவில் முளைக்கும்.

முளைத்ததை எண்ணி ஐந்தால் பெருக்கினால் சதவீதம். பத்து விதையில் சோதித்தால் ஒரு விதையின் தவறே பத்து சதவீதமாகிவிடும். ஆகவே 20க்குக் குறைய வேண்டாம். எழுபதுக்கு மேல் வந்தால் குழிக்கு ஒரு விதை போதும். ஐம்பது வந்தால் குழிக்கு இரண்டு. முப்பதுக்குக் கீழே வந்தால் அவ்விதையை நம்பி ஒரு பருவத்தைப் பணயம் வைக்காதீர்கள். முளைத்த இருபதையும் எறிய வேண்டாம். அவற்றையே தொட்டியில் நடலாம்.

5. எவற்றுக்கு விதை வாங்கவே வேண்டாம்

வெந்தயம், கடுகு, முழுமல்லி, பச்சைப் பயறு, தட்டைப்பயறு ஆகியவை மளிகைக் கடையில் கிடைப்பதே விதை. பர்மா உளுந்து கப்பல் கப்பலாக இந்தியாவுக்கே போகிறது. அந்த ஊரில் பயறுக்குத் தனி விதைப் பொட்டலம் எதற்கு? மல்லியை இரண்டாக உடையும்படி இலேசாக உருட்டி விதைக்கவும். உடைத்த பருப்பு முளைக்காது. வெளிநாடுகளில் விற்கும் மசாலா விதை, கிருமி நீக்கச் சூடோ கதிர்வீச்சோ பட்டிருந்தால் முளைக்காமல் போகலாம்; ஒரு ஸ்பூன் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கங்குங் கீரை (பர்மியர் சொல்லும் கஸூன்ருவெட்), கொடிப்பசலை, புதினா, கற்பூரவள்ளி, வள்ளிக்கிழங்குக் கீரை ஆகியவற்றுக்குக் குச்சியோ கொடியோ போதும். சந்தையில் வாங்கிய கட்டில் தண்டை மட்டும் நீரில் வைத்தால் வேர் விடும்.

கறிவேப்பிலை விதையைப் பொட்டலத்தில் வாங்காதீர்கள். அது காய்ந்தால் உயிர் போகும் விதை. பழத்திலிருந்து எடுத்துச் சில வாரத்துக்குள் விதைத்தால்தான் உண்டு. மாதக் கணக்கில் தபாலில் வந்த உலர்ந்த விதைக்குக் கொடுக்கும் பணம் வீண். தெரிந்தவர் வீட்டு மரத்தடியில் வரும் பக்கக்கன்றைக் கேட்டு வாங்குவதே நல்லது.

6. கலப்பினமா, நாட்டு விதையா?

எஃப்1 என்று குறித்த கலப்பின விதை விளைச்சல் நன்றாகத் தரும், நோயையும் தாங்கும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வராது, குணங்கள் பிரிந்துவிடும். ஆண்டுதோறும் வாங்க வேண்டும். நாட்டு விதையை ஒருமுறை வாங்கினால் நாமே எடுத்து வைக்கலாம்.

கலப்பினம் என்றால் கெட்டது என்று எண்ண வேண்டாம். 1982ல் பிலிப்பைன்ஸில் ஈஸ்ட்-வெஸ்ட் சீட் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய சைமன் க்ரூட், வெப்பநாட்டுச் சிறு விவசாயிகளுக்கு ஏற்ற காய்கறி ரகங்களை வளர்த்ததற்காக 2019ல் உலக உணவுப் பரிசு பெற்றார். விற்பனைக்குப் பயிரிடுபவருக்கு அது லாபம். நான்கு தொட்டிக்காரருக்கு வேறு கணக்கு.

தக்காளி, அவரை, தட்டைப்பயறு ஆகியவை பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்பவை. இவற்றில் நாட்டு விதை வாங்கிச் சேமித்தால் அடுத்த ஆண்டும் அதே காய். கத்தரி, மிளகாய், வெண்டை ஓரளவு கலக்கும். பக்கத்தில் வேறு ரகம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். சுரை, பாகல், வெள்ளரி, பூசணி தேனீயால் எளிதில் கலக்கும். அடுத்த மாடிக்காரர் வேறு ரகம் வைத்திருந்தால் உங்கள் விதையும் மாறும். இவற்றை வாங்குவதே நல்லது. சேமிக்க விரும்பினால் பெண் பூவைக் கையால் மகரந்தமிட்டுக் காகிதத்தால் மூடிக் கட்ட வேண்டும்.

லத்தா வீடுகளுக்கு மிகவும் மலிவான பயிர் புளிச்சகீரை. பர்மியர் சின்பவுங் என்று அதை நாள்தோறும் சமைக்கிறார்கள். ஒரு செடியைக் காய்க்க விட்டால் அடுத்த மழைக்கு அக்கம்பக்கத்துக்கே விதை கிடைக்கும்.

7. ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ற விதை

ரங்கூனில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை; ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர். அம்மழையில் தக்காளி அழுகும். புளிச்சகீரை, வெண்டை, சுரை, கங்குங் தாங்கும். முட்டைக்கோஸ், தக்காளி, மல்லி விதைகளை அக்டோபர், நவம்பரில் வாங்குங்கள். தள்ளுபடி என்று ஜூனில் வாங்கி வைத்தால் மழை ஈரமே அவற்றைக் கொன்றுவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர் அன்பாக ஊருக்கு விதை அனுப்புவதும், ஊரிலிருந்து கேட்டு வாங்குவதும் உண்டு. இதில் பகல் நீளத்தைக் கவனிக்க வேண்டும். ரங்கூனில் மிக நீண்ட பகலே சுமார் 13 மணிநேரம்தான். ஐரோப்பிய வெங்காய ரகங்கள் பல 14 மணிநேரத்துக்கு மேல் பகல் இருந்தால்தான் கிழங்கு வைக்கும். அங்கே விதைத்தால் தாள் மட்டும் வரும். மறுபக்கம், ஊர் மொச்சையவரையும் சிறகவரையும் பகல் குறைந்தால் பூப்பவை. இலண்டனிலோ ஓஸ்லோவிலோ கோடை முழுவதும் இலையாகவே வளர்ந்து, பூக்கும் நேரத்தில் குளிர் வந்துவிடும். செடியின் மேல் குற்றம் இல்லை. அதற்கு அந்த வானம் பழக்கமில்லை. அங்கே பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குட்டைப் பீன்ஸ் ரகத்தை வாங்குவது மேல்.

8. வாங்கியதைக் காப்பாற்றுவது

அமெரிக்க விதை விஞ்ஞானி ஹாரிங்டன் ஓர் எளிய விதி சொன்னார். காற்றின் ஈரப்பத சதவீதத்தையும், ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் கூட்டினால் நூறுக்குள் இருக்க வேண்டும். ரங்கூன் மழைக்காலத்தில் ஈரப்பதம் 85, வெப்பம் 81 என்று வைத்தால் கூட்டுத்தொகை 166. திறந்த பொட்டலம் அங்கே நீண்ட நாள் தாங்காது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதும் அவர் கண்ட உண்மை.

செய்ய வேண்டியது இதுதான். அரிசியைப் பொன்னிறமாக வறுத்து, மூடி ஆறவிட்டு, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் விதையின் எடைக்குச் சமமாகவாவது போடவும். மேலே காகிதம் வைத்து, விதையைக் காகித உறையில் இட்டு மூடவும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு போத்தலைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். மின்வெட்டு வந்தாலும் மூடி இறுக்கமாக இருந்தால் பாதகமில்லை. வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் உள்ளே வியர்க்காது. உறையின்மேல் பெயர், வாங்கிய தேதி, விலை, முளைப்பு சதவீதம் நான்கையும் எழுதவும்.

நன்றாக வைத்தாலும் வெங்காய விதை ஓர் ஆண்டு, வெண்டை, மிளகாய் இரண்டு ஆண்டு, தக்காளி, கத்தரி நான்கு ஆண்டு என்பதே பொதுவான கணக்கு. முதலில் வாங்கியதை முதலில் விதைக்கவும்.

9. எல்லை தாண்டும் விதை

பெட்டியில் மறைத்து விதை கொண்டுவருவது வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல் வெளிநாட்டு விதைக்குத் தாவரநலச் சான்றிதழ் தேவை. ஆஸ்திரேலியாவில் எந்த விதையானாலும் இறங்குமிடத்தில் அறிவிக்க வேண்டும். இந்தியாவிலும் 2003ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை உண்டு. இது வெறும் கெடுபிடி அன்று. 2010களின் நடுவில் இஸ்ரேல், ஜோர்டான் பகுதியில் கண்டறியப்பட்ட ஒரு தக்காளி வைரஸ் நோய், விதை வழியாகவும் பரவிப் பல நாடுகளின் தோட்டங்களை அழித்தது. மேலும், அகதி நிலையிலோ தற்காலிக விசாவிலோ இருப்பவர் ஒரு பிடி விதைக்காக விமான நிலையத்தில் பெயரைப் பதியவிடுவது எந்தக் கணக்கிலும் லாபமாகாது. ஊரில் உள்ளவருக்கு விதைக்குப் பதில் விதைக்கான பணத்தை அனுப்புங்கள். அந்த மண்ணுக்கேற்ற விதையை அவர்களே வாங்குவார்கள்.

10. சங்கமாகச் சேர்ந்தால்

பருவத்துக்கு முன் எட்டு அல்லது பத்துக் குடும்பங்கள் ஒரு சீட்டுப் போலச் சேர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு ரகம் வாங்கி, சோதித்து, பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் பேரேடு வைக்கட்டும்: என்ன விதை, என்ன விலை, எத்தனை முளைத்தது, எவர் வீட்டில் காய்த்தது. இரண்டு ஆண்டு எழுதினால் நம் ஊருக்கு எந்த விதை ஏற்றது என்பது கடைக்காரரை விட நமக்கு நன்றாகத் தெரியும். கையில் ஒன்றுமில்லாமல் வந்த குடும்பம் ஒன்று சேர்ந்தால், அவர்களிடம் பணம் கேட்காமல் முதல் பங்கைக் கொடுப்போம். அடுத்த பருவத்தில் அவர்கள் விதையாகவே திருப்புவார்கள்.

பிள்ளைகளுக்கான பயிற்சி

(அ) தாய்லாந்துப் பொட்டலத்தில் காலாவதி 2567 என்று உள்ளது. ஆங்கில ஆண்டு என்ன?
(ஆ) 25 விதையில் 18 முளைத்தன. முளைப்பு சதவீதம் என்ன?
(இ) 120 விதையுள்ள பொட்டலம் 3,000 கியாட். 75 சதவீதம் முளைக்கும். ஆறு குடும்பங்கள் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை கன்று, என்ன செலவு?

விடைகள்: (அ) 2024. (ஆ) 72. (இ) 15 கன்று, 500 கியாட்.